ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும்: வங்காளதேசக் கிராமங்களில் தொண்டு நிலைபெற்ற வரலாறு

ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்கு சிராங்கூன் சாலை அங்குலியா பள்ளிவாசலுக்குச் செல்பவர்களுக்குத் தெரியும், அன்று அங்கே நிறைந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசச் சகோதரர்கள். தொழுகை முடிந்ததும் லெம்பு சாலைப் பக்கம் போய் ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், காய்கறியும் மீனும் வாங்குவார்கள், நம் கடைகளுக்கும் வருவார்கள். அவர்களை நாம் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் வந்தவர்களாகவே அறிவோம். அவர்களுடைய நாட்டில் ஒரு காலத்தில் ஐந்து குழந்தைகளில் ஒன்று ஐந்து வயதை எட்டாமல் இறந்து போனது என்பதும், அந்த நிலையை மாற்றியதில் அந்நாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் நம்மில் பலர் கேள்விப்படாத செய்தி.

நம் சங்கத்தின் பொன்விழா மலரில் வங்காளதேச வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் சங்கம் பிறந்த அதே எழுபதுகளில்தான் அந்நாட்டின் தொண்டு அமைப்புகளும் பிறந்தன. நாம் ஐம்பது ஆண்டுகளாக ஊருக்கு உதவி அனுப்பி வருகிறோம். இலவச மருத்துவ முகாம், கண் சிகிச்சை, ஏழைப் பெண்களின் திருமணம், மதரஸா கட்டடம் என அந்தப் பட்டியல் நீளும். அல்ஹம்துலில்லாஹ், அவை எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் முகாம் நடத்திய டாக்டர்கள் பேருந்து ஏறிப் போன மறுவாரம் ஊரில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி எங்களைப் போன்ற இளைய உறுப்பினர்களிடையே சில காலமாக இருந்து வருகிறது. இதே கேள்வியைக் கேட்டு விடை தேடியவர்கள் வங்காளதேசத்தில் இருந்தார்கள். அந்த வரலாற்றை எங்களுக்குத் தெரிந்த அளவில் இங்கே தருகிறோம்.

1970 நவம்பர் 12 இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா கரையோரம் வீசிய புயலில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த ஆண்டு போர் வந்தது. ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் போனார்கள். 1971 டிசம்பரில் விடுதலை கிடைத்தபோது புதிய நாட்டின் கையில் ஒன்றும் இல்லை. பாலங்கள் இடிந்திருந்தன, படகுகள் எரிந்திருந்தன, கிராமங்களில் மருத்துவர் என்று சொல்ல எவரும் இல்லை.

அந்த வேளையில் இருவர் லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டுத் தாய்நாட்டுக்குத் திரும்பினார்கள். ஒருவர் ஃபஸ்லே ஹசன் ஆபித். கணக்கியல் படித்தவர், சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் நிதிப் பிரிவில் உயர் பதவியில் இருந்தவர். புயலுக்குப் பின் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மன்புரா தீவில் நிவாரண வேலை செய்தார். போர்க் காலத்தில் லண்டனில் இருந்து விடுதலைக்கு ஆதரவு திரட்டினார். விடுதலைக்குப் பின் லண்டனில் இருந்த தம் வீட்டை விற்று, அந்தப் பணத்துடன் 1972இல் சில்ஹெட் பகுதியின் சுல்லாவுக்குப் போனார். மழைக்காலத்தில் கடல் போல நீர் சூழ்ந்துகொள்ளும் ஒதுக்குப்புறம் அது. அங்கே அவர் தொடங்கியதுதான் பிராக்.

மற்றவர் டாக்டர் ஸஃப்ருல்லாஹ் சௌத்ரி. லண்டனில் அறுவை சிகிச்சை மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர், 1971இல் அதைப் பாதியில் விட்டுவிட்டுத் திரிபுராவின் மேலாகருக்குப் போய், டாக்டர் மோபினுடன் சேர்ந்து விடுதலைப் போராளிகளுக்காக மூங்கிலால் ஒரு மருத்துவமனை கட்டினார். அதில் 480 படுக்கைகள். ஆனால் செவிலியர் இல்லை. அகதிகளாக வந்திருந்த பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சில வாரங்களில் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்தினார்கள். மருந்து கட்டவும் ஊசி போடவும் அறுவை சிகிச்சை அறையில் துணை நிற்கவும் அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கிராமத்துப் பெண்ணுக்கு முறையாகக் கற்றுக் கொடுத்தால் அவளால் முடியும் என்ற நம்பிக்கை ஸஃப்ருல்லாஹ்வுக்கு அந்த மூங்கில் கொட்டகையில் கிடைத்தது. 1972இல் டாக்காவுக்கு அருகே சாவாரில் கூடாரங்களில் தொடங்கிய கோனோஷாஸ்தியா கேந்திரா, அதாவது மக்கள் நலவாழ்வு மையம், அந்த நம்பிக்கையின் மேல்தான் எழுந்தது.

சாவாரில் உள்ளூர் இளம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் துணை மருத்துவப் பணியாளர்களாகப் பயிற்சி அளித்தார்கள். தடுப்பூசி, பிரசவப் பராமரிப்பு, குடும்பக் கட்டுப்பாடு, சாதாரண நோய்களுக்கு மருந்து ஆகியவை அவர்கள் பொறுப்பு. பெண்கள் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போனார்கள். எழுபதுகளில் வங்காளதேசக் கிராமத்தில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டிச் செல்வது எத்தகைய காட்சியாக இருந்திருக்கும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் எளிதில் கற்பனை செய்துகொள்வார்கள். எதிர்ப்பு இருந்தது. போலி வைத்தியர்களுக்கும் ஊர்ப் பெரும்புள்ளிகளுக்கும் இந்த வேலை பிடிக்கவில்லை. 1976இல் பணியாளர் ஒருவர் கொலையே செய்யப்பட்டார். ஆயினும் வேலை நிற்கவில்லை. முறையாகப் பழகிய துணைப் பணியாளர்கள் பெண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையைக்கூடப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்ற சாவார் அனுபவம் 1975இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

சாவாரில் சிகிச்சையை முற்றிலும் இலவசமாகத் தரவில்லை என்பது கவனிக்கத் தக்கது. குடும்பங்கள் சிறு சந்தா கட்டும் காப்பீட்டு முறையைத் தொடக்கத்திலேயே கொண்டு வந்தார்கள். வசதியுள்ளவர் அதிகமும், ஏழை குறைவாகவும், கதியற்றவர் மிகச் சொற்பமாகவும் கொடுக்கும்படி அது படிநிலையாக அமைந்தது. சந்தாவில் செலவு முழுவதும் அடைபடவில்லைதான். ஆனால் சந்தா கட்டியவர்கள் மருத்துவமனையைத் தங்களுடையதாக நினைத்தார்கள், பணியாளர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். வியாபாரிகளான நமக்கு இது புதிதன்று. காசு கொடுத்து வாங்குபவர்தான் சரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

இனி பிராக்கின் கதை. சுல்லாவில் தொடக்கத்தில் நிவாரணம்தான் நடந்தது. ஒன்பது மாதங்களில் 14,000 வீடுகள் கட்டினார்கள், மீனவர்களுக்கு நூற்றுக்கணக்கான படகுகள் செய்து கொடுத்தார்கள். ஆபித் கொண்டு வந்த பணம் போதாமல் பிரிட்டனின் ஆக்ஸ்ஃபாம் போன்ற அமைப்புகள் உதவின. ஆனால் வீடு கட்டிக் கொடுத்தும் வறுமை தீரவில்லை. நிவாரணம் ஒரு வேளைக்கு, வளர்ச்சி வேறு வேலை என்று ஆபித் விரைவில் உணர்ந்தார். விவசாயம், சுகாதாரம், வயது வந்தோர் கல்வி, சிறுகடன் என்று பிராக் திரும்பியது. 1978இல் சாவாரில் தனக்கென ஒரு பயிற்சி மையத்தையும் நிறுவியது. பசித்த ஊரில் பயிற்சி மையம் கட்டுவது ஆடம்பரம் போலத் தோன்றலாம். பிற்காலத்தில் பிராக் நாடு முழுதும் பரவ முடிந்ததற்கு அந்த மையங்களே காரணம் என்பது எங்கள் கருத்து.

அந்நாட்டில் குழந்தைகளை அதிகம் கொன்ற நோய்களில் வயிற்றுப்போக்கும் ஒன்று. உடலில் இருந்து நீரும் உப்பும் வெளியேறி, ஓரிரு நாளில் உயிர் போய்விடும். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீரைத் தொடர்ந்து குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலானோரைக் காப்பாற்றலாம் என்பதை 1968இல் டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தில் நடந்த சோதனைகள் உறுதி செய்திருந்தன. 1971இல் எல்லைக்கு அப்பால் போன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அந்த நீரை டிரம்களில் கரைத்துக் கொடுத்துப் பல்லாயிரம் பேரைப் பிழைக்க வைத்தார். மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் பொட்டலம் தயாரித்துக் கிராமத்துக்குக் கொண்டு சேர்க்க அரசிடம் பணமும் இல்லை, சாலையும் இல்லை.

பிராக் எடுத்த முடிவு, பொட்டலத்தை விட்டுவிட்டு அறிவைக் கொண்டு சேர்ப்பது. எந்த ஏழை வீட்டிலும் உப்பும் வெல்லமும் இருக்கும். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். வங்காளியில் உப்புக்கு லோபோன், வெல்லத்துக்கு குர். லோபோன்-குர் நீர் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. 1979இல் சுல்லாவில் முன்னோட்டம் பார்த்து, 1980இல் நாட்டளவில் தொடங்கினார்கள்.

பயிற்சி பெற்ற இளம் பெண்கள் குழுக்களாகக் கிராமங்களில் தங்கி வீடு வீடாகப் போனார்கள். தாயை உட்கார வைத்து, அவள் கையாலேயே கரைசலைச் செய்யவைத்து, நினைவில் வைக்க வேண்டிய சில செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு பாத்திரத்தின் அளவு மாறும். எனவே அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அரைச் சேர் எது என்று அளந்து ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அந்தக் கோடு போதுமானதாக இருந்தது.

சம்பளம் கொடுத்த விதம்தான் இதில் எங்களை மிகவும் கவர்ந்தது. இத்தனை வீடுகளுக்குப் போனேன் என்று எழுதிக் கொடுத்தால் சம்பளம் இல்லை. சில வாரங்கள் கழித்து வேறொரு குழு, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில வீடுகளுக்குப் போகும். தாயிடம் கேள்வி கேட்கும், கரைசலைச் செய்து காட்டச் சொல்லும், அதில் கொஞ்சம் எடுத்து உப்பின் அளவை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பக் கற்றுக் கொடுத்தவருக்குச் சம்பளம். தாய் மறந்திருந்தால் அந்த வீட்டுக்குக் காசே கிடையாது. கணக்காளராக இருந்த ஆபித்தின் கைவண்ணம் இதில் தெரிகிறது. நன்கொடை கொடுத்தவர்களுக்கும் இதைவிட நல்ல கணக்கு வேறு கிடையாது.

இத்தனை செய்தும் தொடக்கத்தில் ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. தாய்மார்களுக்குக் கரைசல் செய்யத் தெரிந்தது, கேள்விகளுக்குப் பதிலும் சரியாகச் சொன்னார்கள். ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மிகச் சிலரே அதைக் கொடுத்தார்கள். ஏன் என்று விசாரித்தபோது இரண்டு காரணங்கள் வெளிப்பட்டன. முதலாவது, கற்றுக் கொடுத்த பணியாளர்களிலேயே பலருக்கு அந்தக் கரைசலில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிறு கெட்டால் அவர்கள் மாத்திரைதான் விழுங்கினார்கள். இரண்டாவது, வீட்டு ஆண்களிடம் எவரும் பேசவில்லை. யாரோ பெண்கள் வந்து தம் மனைவியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று அவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

பிராக் இரண்டையும் திருத்தியது. பணியாளர்களை டாக்காவின் காலரா மருத்துவமனைக்கு அழைத்துப் போய், சாகக் கிடந்த நோயாளிகள் இந்த நீரைக் குடித்து எழுந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள். கற்றுக் கொடுக்கும்போது தாய்மார்கள் முன்னால் தாங்களும் ஒரு வாய் குடிக்கச் சொன்னார்கள். ஆண்களுக்காகச் சந்தைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் கூட்டம் போட்டார்கள். அதன் பிறகு பயன்பாடு உயர்ந்தது. 1990இல் திட்டம் முடியும்போது 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்களுக்கு நேரில் கற்றுக் கொடுத்திருந்தார்கள். உலகிலேயே இந்தக் கரைசலை அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்றாக வங்காளதேசம் இன்று இருக்கிறது. எழுபதுகளில் ஆயிரம் குழந்தைகளுக்கு 200க்கு மேல் இருந்த ஐந்து வயதுக்கு உட்பட்டோர் இறப்பு, இப்போது 30 அளவுக்கு இறங்கியுள்ளது. இதற்குத் தடுப்பூசியும் பெண் கல்வியும் அரசின் முயற்சியும் சேர்ந்தே காரணம். பிராக் மட்டுமே செய்தது என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

கிராமத்தில் நிரந்தரமாக இருக்கும் சுகாதாரத் தொண்டர்களையும் பிராக் உருவாக்கியது. ஷாஸ்தியோ ஷேபிகா என்று அழைக்கப்படும் இந்தப் பெண்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. சாதாரண மருந்துகள், உப்பு, சோப்பு ஆகியவற்றைக் கொஞ்சம் லாபம் வைத்து வீட்டுக்கு வீடு விற்பார்கள். காசநோய் ஒழிப்பிலும் இவர்களே முன்னின்றார்கள். காசநோய் மருந்தைப் பல மாதங்கள் விடாமல் சாப்பிட வேண்டும், கொஞ்சம் தெம்பு வந்ததும் நோயாளிகள் விட்டுவிடுவார்கள். எனவே சிகிச்சை தொடங்கும்போது நோயாளி ஒரு சிறு தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. முழுவதும் சாப்பிட்டு முடித்தால் அதில் ஒரு பகுதி நோயாளிக்குத் திரும்பக் கிடைத்தது, மறு பகுதி அவரைக் கவனித்த தொண்டருக்குப் போனது. கட்ட முடியாத ஏழைக்கு விலக்கு இருந்தது.

இதற்கெல்லாம் பணம்? தொடக்கத்தில் வெளிநாட்டு நன்கொடைதான். ஆனால் நன்கொடை தருபவர் மனம் மாறலாம், அவர் நாட்டு அரசாங்கம் மாறலாம். மூன்று ஆண்டுத் திட்டத்துக்குப் பணம் தருவார்கள், நான்காம் ஆண்டு தொண்டரை யார் பார்த்துக்கொள்வது? பிராக் தொழில் தொடங்கியது. 1977இல் அச்சகம், 1978இல் ஆரோங் கைவினைக் கடை. ஆரோங் பிறந்த காரணம் நம் கடைத்தெருவுக்கு நன்கு புரியும். கிராமத்துப் பெண்கள் நெய்ததையும் தைத்ததையும் டாக்கா கடைகளில் கொடுத்தால், சரக்கு விற்ற பிறகே பணம் என்று கடைக்காரர்கள் மாதக் கணக்கில் இழுத்தடித்தார்கள். சொந்தக் கடை இருந்தால் சரக்கு வந்த அன்றே பெண்களுக்குக் காசு கொடுத்துவிடலாம் என்றுதான் கடை திறந்தார்கள். இன்று அது அந்நாட்டின் மிகப் பெரிய கைவினை விற்பனை நிறுவனங்களுள் ஒன்று. பால் பண்ணை, விதை வியாபாரம், வங்கி, 2001இல் பல்கலைக்கழகம் என்று வளர்ந்து, செலவின் பெரும்பகுதியைச் சொந்த வருமானத்தில் சமாளிக்கும் நிலைக்கு வந்தார்கள்.

ஸஃப்ருல்லாஹ் மருந்துத் தொழிலில் இறங்கினார். 1981இல் நெதர்லாந்து அமைப்பு ஒன்றின் உதவியுடன் மருந்துத் தொழிற்சாலை தொடங்கி, அத்தியாவசிய மருந்துகளை மலிவாக விற்றார். மறு ஆண்டு அந்நாட்டு அரசு கொண்டு வந்த மருந்துக் கொள்கையை வகுத்த குழுவில் அவரும் இருந்தார். பயனற்றவை, ஆபத்தானவை என்று சுமார் 1,700 மருந்துகள் தடை செய்யப்பட்டன. பன்னாட்டு நிறுவனங்களும் உள்ளூர் மருத்துவர் சங்கமும் அவரைக் கடுமையாக எதிர்த்தன. அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இவற்றில் எல்லாமே நமக்கு ஏற்புடையது என்று சொல்ல மாட்டோம். பிராக்கின் சிறுகடன் வட்டியுடன் கூடியது. நம் மார்க்கம் அதை அனுமதிக்கவில்லை, நம் சங்கம் அந்த வழியில் போகவும் முடியாது. 1993, 94 வாக்கில் சில ஊர்களில் தொண்டு நிறுவனங்களுக்கு எதிராக ஃபத்வாக்கள் கொடுக்கப்பட்டு, பிராக்கின் பெண் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. வட்டிக்கு எதிர்ப்பு என்றால் வட்டியைப் பேச வேண்டும், ஏழைப் பெண் குழந்தையின் ஓலைக் கூரையில் தீ வைப்பதில் எந்த மார்க்கமும் இல்லை. உப்பு நீர்த் திட்டத்துக்கு ஆண்களைச் சேர்க்கும் கூட்டங்கள் பள்ளிவாசல்களில் நடந்ததையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரிலும் இதற்கு இணையான அனுபவம் நமக்கு உண்டு. 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியபோது ஒவ்வொரு முஸ்லிம் ஊழியரிடமிருந்தும் மத்திய சேம நிதி வழியாக மாதம் 50 காசு பிடித்தார்கள். ஐம்பது காசில் பள்ளிவாசலா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. 1977இல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசல் எழுந்தது, பிறகு புதிய பேட்டைகளில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஒரே ஒரு தனவந்தரை நம்பியிருந்தால் அத்தனையும் வந்திருக்காது.

ஆபித் 2019 டிசம்பரில் தம் 83ஆம் வயதில் காலமானார். அதற்கு முன்பே பொறுப்புகளை அடுத்தவர்களிடம் கொடுத்து ஒதுங்கியிருந்தார். ஸஃப்ருல்லாஹ் 2023 ஏப்ரலில் காலமானார். சிறுநீரகம் பழுதுபட்ட ஏழைகளுக்காக அவருடைய மையம் 2017இல் டாக்காவில் நூறு படுக்கைகளுடன் குறைந்த கட்டண டயாலிசிஸ் பிரிவைத் தொடங்கியிருந்தது. அவருக்கே சிறுநீரகம் செயலிழந்தபோது வெளிநாடு போகச் சொன்னவர்களுக்கு மறுத்துவிட்டு, தாம் கட்டிய மருத்துவமனையிலேயே சிகிச்சை பெற்று அங்கேயே உயிர் நீத்தார்.

நம் சங்கத்தின் ஆண்டுக் கணக்கில் மருத்துவ உதவி என்று ஒரு தலைப்பு உண்டு, கல்வி உதவி என்று ஒரு தலைப்பு உண்டு. ஊரிலேயே தங்கி வேலை செய்யப்போகும் ஒருவருக்கு மருத்துவத் துணைப் பயிற்சி அளிக்க என்று தனித் தலைப்பு இதுவரை இல்லை. ஊரில் இருந்து இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்து, முதியோர் பராமரிப்பும் சர்க்கரை நோய், இரத்த அழுத்தக் கண்காணிப்பும் கற்க அனுப்பி, திரும்பி வந்த பின் மூன்று ஆண்டுகளுக்கு அவர்கள் பராமரிப்பில் இருக்கும் நோயாளிகளின் நிலையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவரை விட்டுச் சரிபார்ப்பது என்ற திட்டத்தை, செலவு விவரத்துடன் அடுத்த பொதுக்குழுவில் வைக்க இருக்கிறோம். மூத்தவர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காகவே அதை இம்மலரில் முன்கூட்டியே எழுதுகிறோம்.